சாவியைப் பூட்டுங்கள், வழியைப் பூட்டாதீர்கள்!

உத்திரமேரூர் தாலுகாவில் ஒரு கிராமம். நடவு முடிந்த காலம். மாலையில் விவசாயத் தொழிலாளர் கூட்டம் நடந்தது. கூலியைப் பற்றியும் மனைப்பட்டாவைப் பற்றியும் பேசி முடித்தோம். கூட்டம் கலையப் போகும் நேரத்தில் ஓர் அம்மாள் எழுந்து நின்றார். அவருடைய மகன் கல்பாக்கத்துக்குக் காண்டிராக்ட் வேலைக்குப் போகிறவர். மகளைக் கட்டிக் கொடுத்திருப்பது சதுரங்கப்பட்டினம் பக்கத்தில்.

"தோழரே, அங்கே அபாயச் சங்கு ஊதினா என் பொண்ணு எந்தப் பக்கம் போகணும்? வீட்டுக்குள்ளேயே இருக்கணுமா, வெளியே ஓடணுமா? மாட்டை அவுத்து விடணுமா, கட்டி வைக்கணுமா?"

நாம் பதில் தெரியாமல் நின்றோம். பதிலைத் தேடி ஓர் அலுவலகத்தின் படி ஏறினோம். "அதெல்லாம் பாதுகாப்பு விஷயம், வெளியே சொல்லக் கூடாது" என்று திருப்பி அனுப்பினார்கள்.

ஒரு தாய், தன் மகள் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்கிறாள். அந்தப் பதில் எந்த எதிரிக்கு உதவும் ரகசியம்? இந்தக் கேள்வியைப் பற்றித்தான் இவ்வாரம் எழுதுகிறோம். அணு உலை வேண்டுமா, வேண்டாமா என்பது வேறு விவாதம். உலை நிற்கிறது, அதைச் சுற்றி ஜனங்கள் வாழ்கிறார்கள். அபாய காலத் திட்டத்தில் எதை மறைக்கலாம், எதை மறைக்கக் கூடாது என்பதே இன்றைய விஷயம்.

நமக்கும் கல்பாக்கத்துக்கும் என்ன?

கல்பாக்கம் உத்திரமேரூருக்கு நேர் கிழக்கே, நேர்கோட்டில் சுமார் 45 கிலோமீட்டர். 2019 நவம்பர் 29 வரை அது நம் காஞ்சிபுரம் மாவட்டம்தான். அன்றைக்குத்தான் செங்கல்பட்டு தனி மாவட்டமாயிற்று. அங்கே முதல் உலை 1984-லும் இரண்டாவது உலை 1986-லும் வணிக முறையில் மின்சாரம் தரத் தொடங்கின. அவற்றோடு சோதனை உலையும், மறுசுத்திகரிப்பு ஆலையும், 500 மெகாவாட் ஈனுலையும் அங்கேயே எழுந்தன. மண் சுமந்தவர்களும், கம்பி கட்டியவர்களும், பெயிண்ட் அடித்தவர்களும், குப்பை அள்ளியவர்களும் யார்? நம் ஊர்களிலிருந்து விடியற்காலை பஸ் ஏறிப் போகும் பிள்ளைகளும் அவர்களில் உண்டு.

விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்பதற்கு நம் நாட்டில் விதிகள் இருக்கின்றன. வேலிக்கு உள்ளே நடப்பதற்கு நிலைய நிர்வாகம் பொறுப்பு. வேலிக்கு வெளியே நடப்பதற்கு மாவட்ட கலெக்டர் பொறுப்பு. உலையைச் சுற்றி 16 கிலோமீட்டர் வட்டத்தை அபாய காலத் திட்டத்துக்குரிய பகுதி என்று நெடுங்காலமாக வைத்திருக்கிறார்கள். அந்த வட்டத்தைக் காற்று வீசும் திசைக்கு ஏற்ப 16 துண்டுகளாகப் பிரிப்பார்கள். நிலையத்துக்குள் ஒத்திகைகள் அடிக்கடி நடக்க வேண்டும். வேலிக்கு வெளியே, ஊர் ஜனங்கள் வாழும் பகுதியில், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை நடக்க வேண்டும்.

காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால், வேலிக்கு வெளியே நடந்த ஒத்திகைகள் ஆயத்தம் போதாது என்பதையே காட்டின என்று மத்திய தணிக்கைத் தலைவர் 2012-ல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கையில் எழுதினார். இது நம் சொல் அல்ல. சர்க்காரின் கணக்கைப் பார்க்கும் அதிகாரியின் சொல்.

"நாம் 16 கிலோமீட்டருக்கு வெளியேதானே இருக்கிறோம்?" என்று சில தோழர்கள் கேட்கலாம். காற்றுக்கு எல்லைக்கல் தெரியாது. ஆடி மாதத்து மேல்காற்று கடலை நோக்கி அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று கடலிலிருந்து நிலத்துக்கு வரும். கோடையில் மதியத்துக்கு மேல் வீசும் கடல் காற்றும் நம் பக்கந்தான் வரும். ஜப்பானில் 2011 மார்ச் 11 அன்று பூகம்பமும் சுனாமியும் தாக்கி புகுஷிமா உலைகள் கெட்டன. ஈதாதே என்பது அங்கே ஒரு விவசாயக் கிராமம். மாடு வளர்ப்புக்குப் பேர் போனது. உலையிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அந்தக் கிராமத்தின் மீது காற்றும் மழையும் பனியும் கதிர்வீச்சுத் தூசியைக் கொண்டுவந்து கொட்டின. "ஊரைக் காலி செய்யுங்கள்" என்று சர்க்கார் முறைப்படி உத்தரவிட்டது ஏப்ரல் 22-ல்தான். கல்பாக்கத்து உலை அவ்வளவு பெரியதல்ல. அதே அபாயம் இங்கே வரும் என்று நாம் பயமுறுத்தவில்லை. 45 கிலோமீட்டர் என்றால் கவலை வேண்டாம் என்று எழுதி வைத்த சாசனம் எதுவும் இல்லை என்றுதான் சொல்கிறோம்.

இன்னொன்று. கடற்கரை ஜனங்களை அப்புறப்படுத்தினால் அவர்கள் எங்கே வருவார்கள்? கிழக்கே கடல். மேற்கேதான் வர வேண்டும். திருக்கழுக்குன்றம், மதுராந்தகம், செங்கல்பட்டு, உத்திரமேரூர் என்றுதான் வர வேண்டும். அவர்களுக்குச் சோறு போடுவதும் இடம் தருவதும் நம் தலையில் விழும் கடமை. கடமை நமக்கு உண்டு என்றால் திட்டத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமையும் நமக்கு உண்டு.

எதை மறைக்க வேண்டும்?

அதிகாரிகள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. அதை நாம் மறுக்கவில்லை.

அணு நிலையத்தின் காவல் ஏற்பாடு ரகசியமாகத்தான் இருக்க வேண்டும். எந்த வாசலில் எத்தனை துப்பாக்கிக் காவலர், எந்த மணிக்கு ஆள் மாறுகிறார்கள், எந்த மூலையில் கண்காணிப்பு இல்லை, எந்தக் குழாயை அடைத்தால் எந்த யந்திரம் நிற்கும், எந்தக் கம்பியை அறுத்தால் எந்த எச்சரிக்கை ஒலிக்காது, எரிந்த எரிபொருள் கட்டிடத்துக்குள் எந்த இடத்தில் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது, கம்ப்யூட்டருக்குள் நுழையும் ரகசியச் சொல் என்ன - இவற்றை ஊருக்குப் படித்துக் காட்ட வேண்டியதில்லை. நாசகாரன் கையில் அவை கிடைத்தால் முதலில் சாவது உள்ளே வேலை செய்யும் தொழிலாளிதான். இரண்டாவது, வேலி ஓரத்துக் குடிசைக்காரன். ஆகவே இந்த ரகசியத்தைக் காப்பது நம் நலனும்கூட.

இன்னொரு வகை ரகசியமும் உண்டு. அபாய காலத் திட்டத்தில் ஜனங்களைப் பற்றிய விவரமும் சேர்ந்துவிடும். எந்த வீட்டில் படுத்த படுக்கையான கிழவர் இருக்கிறார், எந்த வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருக்கிறாள், எந்த வீட்டில் கண் தெரியாதவர் தனியாக வாழ்கிறார் என்ற பட்டியல் வேண்டும்; ஆபத்தில் முதலில் ஏற்றிச் செல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். ஆனால் அந்தப் பட்டியலை ஊர் முழுக்க ஒட்டலாமா? திருடனுக்கும் வட்டிக்காரனுக்கும் வழி காட்டியது போலாகும். கீழ்நிலை ஊழியரின் வீட்டு விலாசத்தையும் சொந்த டெலிபோன் நம்பரையும் அச்சடிப்பதும் தவறு. பெரிய இடத்து ரகசியத்துக்கு ஆயிரம் பூட்டு, ஏழையின் ரகசியம் திறந்த வீடு என்றால் அது பாதுகாப்பு அல்ல.

எதை மறைக்கக் கூடாது?

பஞ்சாலைத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆலையில் பணப்பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று சுவரில் எழுதி ஒட்டுவதில்லை. தீப்பிடித்தால் எந்தக் கதவு வழியாக வெளியேறுவது என்று எழுதி ஒட்ட வேண்டும். பணப்பெட்டி ரகசியம் என்று சொல்லித் தீக்கதவையும் மறைக்கிற மானேஜரை நாம் சும்மா விடுவோமா?

ஏரிக்கரையில் வாழும் தோழர்களுக்கும் இது தெரியும். மதகைத் திறக்கும் சாவி ஊரில் ஒருவரிடம் இருக்கும். எல்லோரிடமும் இருக்காது, இருக்கவும் கூடாது. ஆனால் கலங்கல் வழிந்தால் எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும், எந்த மேட்டுக்குப் போக வேண்டும் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் காட்டியது. ஏரியிலிருந்து வினாடிக்குச் சுமார் 29,000 கன அடி தண்ணீர் திறந்தார்கள். அடையாற்றுக் கரையில் தூங்கிக்கொண்டிருந்த எத்தனையோ குடும்பங்களுக்கு, கட்டிலைத் தண்ணீர் தொட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது.

அணு நிலையத் திட்டத்திலும் அப்படித்தான். அபாயச் சங்கின் ஓசை எப்படி இருக்கும், எந்தக் கிராமம் எந்தத் துண்டில் வருகிறது, எந்தப் பாதையில் எந்தப் பஸ் வரும், எத்தனை பஸ், எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்க வைப்பார்கள், அயோடின் மாத்திரை எங்கே இருக்கிறது, யார் கொடுப்பார், யாருக்கு எவ்வளவு, ஆடு மாடுகளை என்ன செய்வது, கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா, கறந்த பாலை விற்கலாமா, பொறுப்பு அதிகாரி யார், கடைசி ஒத்திகையில் என்ன குறை கண்டார்கள், அதைச் சரி செய்தார்களா - இவற்றில் ஒன்றுகூட ரகசியமல்ல. இவற்றை மறைத்தால் எதிரிக்கு நஷ்டமில்லை. நமக்கு உயிர் நஷ்டம்.

அமெரிக்காவைப் பார்ப்போம். 1979 மார்ச் 28 அன்று திரீ மைல் ஐலண்டில் உலை விபத்து நடந்தது. அதன் பிறகு, உலையைச் சுற்றி 10 மைல் வட்டத்தில் வாழும் ஜனங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்ற விவரத்தை வருஷந்தோறும் கொடுக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அங்குள்ள அணு ஒழுங்குமுறைக் கமிஷன் பயந்து, தன் ஆவணங்களைப் பொதுப் பார்வையிலிருந்து இறக்கிச் சல்லடை போட்டுப் பார்த்தது. காவல் சம்பந்தமான பக்கங்களை மூடியது. ஆனால் வீட்டுக்கு வரும் அந்தப் புத்தகத்தை நிறுத்தவில்லை. அந்நாட்டு முதலாளிகளின் நல்ல மனசு காரணமல்ல. விபத்தைக் கண்ட ஜனங்கள் கேட்டு வாங்கினார்கள். சாவியையும் வழியையும் பிரித்து வைக்க முடியும் என்பதற்கு இது சாட்சி.

ஒரு பக்கத்துக்காகப் புத்தகத்தையே பூட்டுவதா?

நம் நாட்டில் நடந்ததைப் பாருங்கள். கூடங்குளம் உலைகளின் பாதுகாப்பு ஆய்வு அறிக்கையையும் இட மதிப்பீட்டு அறிக்கையையும் கேட்டு, அணு உலை எதிர்ப்பு இயக்கத்தின் சுப. உதயகுமார் 2010-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுச் செய்தார். நிர்வாகம் மறுத்தது. விவகாரம் மத்தியத் தகவல் கமிஷனுக்குப் போயிற்று. கமிஷனர் சைலேஷ் காந்தி 2012 ஏப்ரல் 30 அன்று உத்தரவு போட்டார்: யந்திரத்தை விற்ற கம்பெனிக்குச் சொந்தமான வடிவமைப்பு விவரங்களை மட்டும் நீக்கிவிட்டு, மிச்சத்தைக் கொடுங்கள் என்றார். 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின் 10-வது பிரிவு சொல்வதும் இதைத்தான்: மறைக்க வேண்டிய பகுதியைப் பிரித்து எடு, மற்றதைக் கொடு. நிர்வாகம் முழுமையாகக் கொடுத்ததா? இல்லை. டில்லி ஹைகோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கியது.

ஒரு பக்கத்தில் ரகசியம் இருக்கிறது என்றால் அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துப் பெட்டியில் வை. அதற்காக நூறு பக்கத்தையும் பெட்டிக்குள் போட்டுப் பூட்டுவது எந்த ஊர் நியாயம்? வெள்ளைக்காரன் 1923-ல் ரகசியக் காப்புச் சட்டம் போட்டுவிட்டுப் போனான். ஜனங்களைச் சந்தேகிக்கும் அந்தப் புத்தி மட்டும் கோட்டையை விட்டு இன்னும் இறங்கவில்லை.

இப்படி ஜனங்களிடம் மறைப்பவர்கள், உண்மையான ரகசியத்தையாவது ஒழுங்காகக் காத்தார்களா? அதே கூடங்குளத்தில் 2019-ல் நிர்வாக அலுவலகக் கம்ப்யூட்டர் ஒன்றில் வேவுக் கிருமி நுழைந்துவிட்டது. அக்டோபர் 29 அன்று நிலையத்தின் சார்பில் வந்த அறிக்கை, அப்படி ஒரு தாக்குதல் நடக்கவே முடியாது என்றது. மறுநாள் அக்டோபர் 30 அன்று அணுமின் கழகம், ஆம், கிருமி இருந்தது, செப்டம்பர் 4-ந் தேதியே தகவல் வந்தது, உலையை இயக்கும் யந்திரங்கள் பாதிக்கப்படவில்லை என்று ஒப்புக்கொண்டது. காக்க வேண்டிய இடத்தில் ஓட்டை; சொல்ல வேண்டிய இடத்தில் பூட்டு. இதைத்தான் நாம் கண்டிக்கிறோம்.

மௌனம் வாங்கிய பலி

மறைப்பதால் யார் சாகிறார்கள்? சரித்திரத்தைப் புரட்டுவோம்.

நம் கல்பாக்கம். 2003 ஜனவரி 21. மறுசுத்திகரிப்பு ஆலையின் கழிவுத் தொட்டிப் பகுதி. ஒரு வால்வு பழுது. குறைந்த கதிர்வீச்சுக் கழிவு இருக்க வேண்டிய இடத்துக்குக் கடும் கதிர்வீச்சுக் கழிவு வந்துவிட்டது. அங்கே கதிர்வீச்சைக் காட்டும் கருவி இல்லை. 6 ஊழியர்கள் விஷயம் தெரியாமல் அனுமதித்த அளவுக்கு மேல் கதிர்வீச்சைச் சுமந்தார்கள். ஊழியர் சங்கம் குரல் எழுப்பியது, போராட்டத்துக்குத் தயாரானது. நிர்வாகம் நாட்டுக்கு முன் பகிரங்கமாக ஒப்புக்கொள்ள ஏறக்குறைய அரை வருஷம் ஆயிற்று. அந்த அரை வருஷ மௌனத்தில் காக்கப்பட்டது நாட்டின் பந்தோபஸ்தா, நிர்வாகத்தின் மானமா?

போபால். 1984 டிசம்பர் 2-ம் தேதி நள்ளிரவு. யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷ வாயு கிளம்பியது. ஈரத் துணியை முகத்தில் கட்டிக்கொள் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் காற்று போகும் பக்கமே ஓடி விழுந்தார்கள். ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கே என்ன வாயு என்று சரியாகத் தெரியாது. ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அதற்குப் பிறகுதான், 1987-ல், தொழிற்சாலைச் சட்டத்தில் 41-பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அபாயகரமான தொழிலை நடத்தும் முதலாளி அந்த அபாயத்தைத் தொழிலாளிக்கும் சுற்றுப்புறத்து ஜனங்களுக்கும் சொல்லியாக வேண்டும் என்றது அந்தப் பிரிவு. அத்தனை பிணங்களைக் கொடுத்து வாங்கிய உரிமை அது.

செர்னோபில். 1986 ஏப்ரல் 26 விடியுமுன் உலை வெடித்தது. பக்கத்திலிருந்த பிரிப்யாத் நகர ஜனங்களை மறுநாள் பிற்பகல்தான் அப்புறப்படுத்தினார்கள். அது வரை பிள்ளைகள் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். கீவ் நகரில் மே தின ஊர்வலமும் நடந்தது. நடந்தது சோவியத் நாட்டில் என்பதற்காக நாம் இதை மூடி மறைக்க மாட்டோம். உழைப்பாளி மக்களிடம் உண்மையைச் சொல்லத் தயங்குகிற எந்த அதிகாரியும், எந்தக் கொடியின் கீழ் உட்கார்ந்திருந்தாலும், உழைப்பாளிக்குத் துரோகம் செய்கிறான்.

மறுபடி புகுஷிமா. கதிர்வீச்சு எந்தப் பக்கம் பரவும் என்று கணக்குப் போடும் யந்திரம் ஜப்பான் சர்க்காரிடம் இருந்தது. அதன் கணக்கு நமியே என்ற ஊர் ஜனங்களுக்குப் போய்ச் சேரவில்லை. அவர்கள் உலைக்குத் தூரமாகப் போகிறோம் என்று எண்ணிச் சுஷிமா என்ற மலைப்பகுதியில் போய்த் தங்கினார்கள். காற்று கதிர்வீச்சுத் தூசியைக் கொண்டுபோனதும் அதே பக்கந்தான். தூரம் போதும் என்று நினைத்தார்கள். திசையைச் சொல்ல ஆள் இல்லை.

நான்கு இடம், வெவ்வேறு நிர்வாகம். பாடம் ஒன்று.

பீதி வருமாம்!

"உண்மையைச் சொன்னால் ஜனங்கள் பீதி அடைவார்கள்" என்பது கோட்டையிலும் கம்பெனியிலும் சொல்லும் கடைசிச் சாக்கு. இது நம்மை முட்டாள் என்று சொல்வதாகும்.

2004 டிசம்பர் 26 சுனாமி நாளை நினைத்துப் பாருங்கள். புதுச்சேரிப் பக்கத்தில் நல்லவாடு என்ற மீனவ கிராமம். சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் டெலிவிஷனில் செய்தி பார்த்து, ஊருக்கு டெலிபோன் செய்தார். ஊரில் இருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் உடனே அறிவித்தார்கள். ஊரே எழுந்து மேட்டுக்குப் போயிற்று. அலை வந்தபோது ஊர் காலி. யாரும் மிதிபட்டுச் சாகவில்லை, சொன்னதால்தான் பிழைத்தார்கள். அதே நாளில் கல்பாக்கத்தில் கடல் நீர் பம்பு அறைக்குள் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த 2-வது உலையை அங்கிருந்த ஊழியர்கள் பத்திரமாக நிறுத்தினார்கள். தங்கள் குடியிருப்பிலேயே சாவு விழுந்த நாளில் அந்தத் தோழர்கள் கடமையை விட்டு ஓடவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே கற்றவர்கள் பீதி அடைவதில்லை. இருட்டில் வைக்கப்பட்டவர்களுக்குத்தான் பீதி.

கல்லில் வெட்டிய பாடம்

நம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், குடவோலைத் தேர்தல் விதிகளை அங்கே கல்லில் வெட்டி வைத்தார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மறுபடி நிற்கக் கூடாது என்று எழுதினார்கள். ஓலையில் எழுதிய பெயர் குடத்துக்குள் மறைந்திருக்கும்; ஆனால் குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்ட வேண்டும்; விவரமறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுக்க வேண்டும். மறைக்க வேண்டியதை மறைத்தார்கள். முறையைச் சுவரில் வைத்தார்கள்.

அந்தச் சபையை நாம் புகழ்ந்து பாடவில்லை. வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் படிப்பும் உடையவர்களின் சபை அது. ஏர் பிடித்தவன் பெயர் அந்தக் குடத்துக்குள் போனதில்லை. நாற்று நட்டவள் பெயர் கேட்கவே வேண்டாம். ஆனால் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன் நிலக்காரர்கள் தங்களுக்குள் கொடுத்துக்கொண்ட மரியாதையை, ஓட்டுரிமை பெற்ற ஜனங்களுக்கு இன்றைய சர்க்கார் கொடுக்க வேண்டாமா? தலைவர்கள் டில்லியில் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் புகழ்ந்து பேசுகிறார்கள். பேச்சு போதும். கல்பாக்கத் திட்டத்தைப் பஞ்சாயத்துச் சுவரில் எழுதுங்கள்.

இதில் அவசரமும் உண்டு. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய அணுசக்திச் சட்டம் தனியார் கம்பெனிகளுக்கும் இந்தத் துறையின் கதவைத் திறந்துவிட்டது. நேற்று வரை "தேசப் பாதுகாப்பு" என்று ஒரு பூட்டு. நாளை "வியாபார ரகசியம்" என்று இரண்டாவது பூட்டும் விழும். போபாலில் அந்தப் பூட்டைப் பார்த்துவிட்டோம்.

நமது கோரிக்கைகள்

1. அபாய காலத் திட்டத்தை இரண்டு நூலாக்குங்கள். காவல் விவரமும் தனி மனிதர் விவரமும் அடங்கிய நூலைப் பூட்டி வையுங்கள். மற்றதையெல்லாம் தமிழில், படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் படித்துச் சொல்லும்படி, அச்சிட்டுக் கொடுங்கள்.

2. நீக்கிய ஒவ்வொரு பகுதிக்கும் காரணத்தையும், நீக்கிய அதிகாரியின் பதவியையும் எழுதுங்கள். காரணம் சொல்லாத கறுப்பு மை வேண்டாம்.

3. 16 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஒவ்வொரு ஊரின் பஞ்சாயத்து அலுவலகத்திலும், ரேஷன் கடையிலும், பள்ளிக்கூடத்திலும் பாதை, பஸ், தங்குமிடம், மாத்திரை விவரத்தைப் படத்தோடு எழுதி வையுங்கள்.

4. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் இரு மாவட்ட கலெக்டர்களும் சேர்ந்து, ஜனங்களை ஏற்கப் போகும் மேற்குப் பகுதி ஊர்களுக்கும் திட்டத்தைச் சொல்லுங்கள்.

5. நிரந்தரத் தொழிலாளிக்கு உள்ள பயிற்சியும் கருவியும் காண்டிராக்ட் தொழிலாளிக்கும் கொடுங்கள். அவர் உடல் ஏற்ற கதிர்வீச்சுக் கணக்கு அவருக்குச் சொந்தம். அதை அவர் கையில் கொடுங்கள்.

6. ஒத்திகை முடிந்ததும் கண்ட குறைகளைக் கிராம சபையில் படியுங்கள்.

உள்ளே வேலை செய்யும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. வாசல், காவல், யந்திரம் பற்றிய விவரத்தை டீக்கடையில் பேசாதீர்கள். படம் பிடித்து அனுப்பாதீர்கள். குறை கண்டால் சங்கத்திடம் சொல்லுங்கள். சங்கம் எழுத்தில் கேட்கும். நம் பத்திரிகையும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டது. பூட்டி வைக்க வேண்டிய பக்கத்தை யாராவது கொண்டுவந்து கொடுத்தால் நாம் அச்சிட மாட்டோம். சர்க்காரிடம் ஒழுங்கைக் கேட்கிற நாம், அந்த ஒழுங்கை முதலில் கடைப்பிடிக்க வேண்டும்.

வரும் கிராம சபைக் கூட்டங்களில் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். மகஜரில் கையெழுத்து வாங்குங்கள். கைநாட்டும் கையெழுத்துத்தான்.

கடைசியாக, கூட்டத்தில் எழுந்து கேட்ட அந்த அம்மாளுக்கு நம் பதில்.

அம்மா, சங்கு ஊதினால் உங்கள் பெண் முதலில் வீட்டுக்குள் போகட்டும். கதவையும் ஜன்னலையும் சாத்தட்டும். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளட்டும். தண்ணீரையும் சோற்றையும் மூடி வைக்கட்டும். மாட்டை அவிழ்த்து விட வேண்டாம்; கொட்டகையில் கட்டி, மூடி வைத்த வைக்கோலைப் போடட்டும்; வெளிப்புல் மேய விட வேண்டாம். சர்க்கார் அறிவிப்பு வரும் வரை தானாக ஓட வேண்டாம். சொன்ன பிறகு, சொன்ன பாதையில் போகட்டும். அயோடின் மாத்திரையை, சாப்பிடச் சொன்ன பிறகு, சொன்ன அளவு மட்டும் சாப்பிடட்டும்.

அணு விபத்து நேரத்துக்கென்று உலகமெங்கும் சொல்லித் தரும் பாடந்தான் இது. இதைச் சொன்னதால் எந்த ரகசியமும் உடைந்துவிடவில்லை. எந்தப் பாதை, எந்தப் பஸ், எந்தப் பள்ளிக்கூடம் என்ற மிச்சப் பதில் சர்க்காரிடம் இருக்கிறது. அதை வாங்கித் தருவது நம் எல்லோருடைய வேலை.

சாவி உங்களிடமே இருக்கட்டும். வழியைக் காட்டுங்கள்!